மூட்டு வலியா? குடிக்கிற தண்ணீரையும் பாருங்கள்

தருமபுரி மாவட்டத்தில் ஒருவர் "முட்டி மடக்க முடியல" என்று வந்தால், வயதைக் கேட்ட கையோடு இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும்: "எந்தத் தண்ணி குடிக்கிறீங்க?"

பென்னாகரம், பாலக்கோடு வட்டாரங்களில் பல ஊர்களின் போர் தண்ணீரில் ஃப்ளூரைடு அதிகம். பாறையிலிருந்து கரைந்து வருவது அது. நிறமில்லை, வாசனையில்லை, ருசியிலும் தெரியாது. காய்ச்சினாலும் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும்.

லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லாத இடத்தில் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. அதைத் தாண்டினால் முதலில் குழந்தைகளின் பல்லில் பழுப்புக் கறை விழும். இன்னும் அதிக அளவில் வருடக்கணக்கில் உள்ளே போனால் எலும்பைப் பிடிக்கும். எலும்பு கெட்டியாவதோடு நிற்காது. நாம் ஜவ்வு என்று சொல்கிற இணைப்பு நார்களிலும் சுண்ணாம்புச் சத்து படிந்து, அவையும் எலும்பு மாதிரி இறுகும். கழுத்து திரும்பாது, முதுகு குனியாது, சம்மணம் போட முடியாது. பார்ப்பதற்கு வாதம் மாதிரியே இருப்பதால் தைலமும் வலி மாத்திரையுமாகக் காலம் ஓடிவிடுகிறது.

இது புதிய நோயும் அல்ல. பழைய சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பகுதியில் இது இருப்பதை மருத்துவர்கள் 1937-லேயே எழுதிவிட்டார்கள். நல்கொண்டா பக்கத்தில் முழங்கால்கள் உள்ளே முட்டி, பாதங்கள் விலகி நடக்கும் பிள்ளைகளைப் பற்றி ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவன ஆய்வாளர்கள் 1973-ல் எழுதினார்கள்.

அறுபது வயதில் வரும் மூட்டு வலிக்கெல்லாம் தண்ணீர் மேல் பழி போட முடியாது. பெரும்பாலானவருக்கு அது தேய்மானம்தான். தேய்ந்த மூட்டை மாற்றலாம். 2017-ல் மத்திய அரசு செயற்கை மூட்டின் விலைக்கு உச்சவரம்பு வைத்த பிறகு செலவும் குறைந்தது. ஆனால் அந்த ஆபரேஷனில் எலும்பைச் செதுக்கி உலோகம் பொருத்துவது பாதி வேலை; இருபக்க ஜவ்வும் ஒரே இழுப்பில் நிற்கும்படி சரிசெய்வது மீதிப் பாதி. ஜவ்வே இறுகிப்போயிருந்தால் டாக்டருக்கு அது முன்கூட்டியே தெரிய வேண்டும். முழங்காலோடு முன்கையையும் எக்ஸ்ரே எடுத்தால், அங்குள்ள இரண்டு எலும்புகளுக்கு நடுவே சுண்ணாம்பு படிந்திருப்பது பல சமயம் காட்டிக்கொடுத்துவிடும்.

புளி ஃப்ளூரைடை வெளியேற்றும் என்ற பேச்சும் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. 2002-ல் வெளியான ஆய்வில் புளி சாப்பிட்ட பையன்களின் சிறுநீரில் ஃப்ளூரைடு கூடுதலாக வெளியேறியது. அதற்காக, புளிக்குப் பேர்போன தருமபுரிக்காரர்கள் ரசத்தை நம்பி போர் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. இறுகின ஜவ்வை இளக்க மருந்தில்லை. மேற்கொண்டு இறுகாமல் தடுக்க நல்ல தண்ணீர் ஒன்றே வழி.

ஜப்பான் கடனுதவியோடு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கிவைக்கப்பட்டதே இதற்காகத்தான். குழாயில் காவிரி வருகிற வீட்டிலும் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். குடிக்க மட்டும் ஒகேனக்கல் தண்ணீர், உலை வைக்கவும் களி கிண்டவும் போர் தண்ணீர் என்று பிரித்து வைத்தால் ஃப்ளூரைடு சோற்று வழியாக வந்துவிடும். குழாய் வராத நாளுக்கென்று ஒரு குடம் கூடுதலாகப் பிடித்து வைப்பதும், சந்தேகமுள்ள போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் எடுத்துக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துப் பார்ப்பதும் பெரிய வேலை இல்லை.