மோட்டார்க் காரில் குழந்தைக்கு உரிய இடம்

மோட்டார்க் காரில் கைக்குழந்தைக்கு உரிய இடம் தாயின் மடியே என்னும் எண்ணம் நம் நாட்டில் ஆழ வேரூன்றியுள்ளது. அது அன்பிலிருந்து பிறந்த எண்ணம். எனினும் விஞ்ஞானத்தின் சோதனைக்கு முன் அது நிற்பதில்லை. கார் வைத்திருக்கும் குடும்பங்கள் பெருகிவரும் இக்காலத்தில், இவ்வெண்ணத்தை மாற்றும் பொறுப்பு களப்பணியாளர்களையும் ஆசிரியர்களையும் சார்ந்ததாகும்.

பெங்களூரில் அல்சூருக்கும் இந்திரா நகருக்கும் இடையே அமைந்த ஜோகுபாளையத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். குறுகிய தெருக்களும் நெருங்கிய வீடுகளும் கொண்ட பகுதி அது. அங்கிருந்து மருத்துவமனைக்கோ, பள்ளிக்கோ, உறவினர் இல்லத்துக்கோ செல்லும் பிரயாணம் பெரும்பாலும் சிறியதே. “பக்கத்தில்தானே போகிறோம், இந்த நெரிசலில் வேகமாகப் போகவா முடியும்?” என்பது அத்தகைய இடங்களில் எழும் இயல்பான வாதம். இவ்வாதம் எவ்வளவு தூரம் சரி என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம்.

மணிக்கு 30 கிலோமீட்டர் என்பது நகரத்தில் எவரும் அஞ்சாத வேகம். அவ்வேகத்தில் செல்லும் கார் எதிலேனும் மோதித் திடீரென நின்றால், உள்ளே கட்டப்படாத ஒருவர் தாக்குண்ணும் வேகம், சுமார் 3.5 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். அஃதாவது ஒரு வீட்டின் மொட்டை மாடியிலிருந்து விழுவதைப் போன்றது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகமாயின், அவ்வுயரம் சுமார் 9.8 மீட்டராகிறது. இவ்வேகத்தில் செல்லும் 10 கிலோ எடையுள்ள குழந்தையை ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நிறுத்த வேண்டுமாயின், சுமார் 140 கிலோ சுமையைத் தாங்குவதற்கு ஒப்பான விசை தேவை. எந்தத் தாயின் கையும் அதைத் தாங்காது. தாயும் வார் அணியாதிருந்தால், அவருடைய உடலே குழந்தையை முன்னிருக்கையோடு நசுக்கக் கூடும். ஒரே வாரைத் தாயையும் குழந்தையையும் சேர்த்துக் கட்டுவதும் இதே காரணத்தால் ஆபத்தானது. இக்கணக்கை உயர்நிலைப் பள்ளி மாணவரே செய்துவிடலாம். பௌதிக வகுப்பில் இதைவிடப் பயனுள்ள பயிற்சி வேறொன்று அரிது.

1959-ல் ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர் நில்ஸ் போலின் அமைத்த மூன்று முனை இருக்கை வார் வளர்ந்தவர்களின் உடலுக்கு ஏற்றது. அது தோள் எலும்பையும் இடுப்பு எலும்பையும் பற்றி நிற்கிறது. சிறு குழந்தைக்கு அதே வார் கழுத்திலும் வயிற்றிலும் விழும். பிறந்த குழந்தையின் தலை அதன் உடல் நீளத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு; கழுத்தெலும்புகளோ இன்னும் முற்றவில்லை. இதை உணர்ந்த ஸ்வீடன் அறிஞர் பெர்ட்டில் ஆல்ட்மன், விண்வெளி வீரர்கள் முதுகு முழுவதும் விசையைத் தாங்கும் வண்ணம் சாய்ந்திருப்பதைக் கண்டு, 1960-களில் பின்னோக்கி அமர்த்தும் குழந்தை இருக்கையை உருவாக்கினார். அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்தில் இத்தகைய இருக்கையைக் கட்டாயமாக்கும் சட்டம் 1978-ல் நடைமுறைக்கு வந்தது.

இருக்கையைத் தேர்ந்தெடுக்கும்போது வயதைவிட எடையும் உயரமுமே முக்கியம். இந்தியாவில் ஏ.ஐ.எஸ். 072 என்ற தரமும், ஐரோப்பிய நாடுகளில் ஆர் 44, ஆர் 129 என்ற விதிகளும் இவ்விருக்கைகளுக்கு உள்ளன. இவற்றுள் ஒன்றன் முத்திரை இல்லாத இருக்கையை வாங்கலாகாது. ஆர் 129 விதி, குழந்தைக்கு 15 மாதம் நிறையும் வரையிலேனும் பின்னோக்கியே அமர்த்த வேண்டும் என்கிறது. இருக்கை இடங்கொடுக்கும் வரை அதற்குப் பின்னும் அவ்வாறே அமர்த்துவது நலம். அடுத்து வருவது முன்னோக்கிய, உள்வார்களுடன் கூடிய இருக்கை. அதன் அளவைக் குழந்தை கடந்தபின், உயர்த்தும் இருக்கையில் அமர்த்திக் காரின் வாரையே அணிவிக்கலாம். வார் தோளின் நடுவிலும் தொடையின் மேற்பகுதியிலும் தானாகப் படியும் உயரம் வரும்வரை இது வேண்டும்.

நல்ல இருக்கையும் தவறாகப் பொருத்தினால் பயனற்றதே. ஐசோபிக்ஸ் கொக்கிகளாலோ காரின் வாராலோ அதனை இறுகக் கட்ட வேண்டும். அடிப்பகுதியைப் பற்றி அசைத்தால் சுமார் 2.5 சென்டிமீட்டருக்கு மேல் அது நகரலாகாது. உள்வாரை விரல்களால் கிள்ளினால் மடிப்பு விழாத அளவுக்கு இறுக்கம் தேவை. பின்னோக்கிய இருக்கையில் தோள்வார் தோளுக்குச் சமமாகவோ சற்றுக் கீழிருந்தோ வர வேண்டும். முன்னோக்கிய இருக்கையில் சமமாகவோ சற்று மேலிருந்தோ வர வேண்டும். முன்னால் காற்றுப் பை இயங்கும் நிலையில் உள்ள இருக்கையில், பின்னோக்கிய குழந்தை இருக்கையை ஒருபோதும் வைக்கலாகாது. விரியும் பையின் அடி குழந்தையின் தலையை நேரே தாக்கும்.

இனிச் சட்டத்தைப் பற்றி ஒரு சொல். 2019-ம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் 194-பி பிரிவை ஏற்படுத்தியது. 14 வயது நிரம்பாத குழந்தையை இருக்கை வாராலோ குழந்தைப் பாதுகாப்புச் சாதனத்தாலோ காக்காமல் வண்டி ஓட்டினால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்பது அதன் சாரம். இதில் உள்ள “அல்லது” என்ற ஒரு சொல் கவலைக்குரியது. ஓராண்டுக் குழந்தையையும் 13 வயதுச் சிறுவனையும் அது ஒரே வரிசையில் நிறுத்துகிறது. மாறாக, 2022-ல் அறிவிக்கப்பட்டு 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த இரு சக்கர வண்டி விதி தெளிவானது. நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 30 கிலோ வரை தாங்கும் பாதுகாப்பு வார், ஒன்பது மாதம் முதல் தலைக்கவசம், மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேற்படாத வேகம் என அது வரையறுக்கிறது. காரில் செல்லும் குழந்தைக்கும் அத்தகைய தெளிவு வேண்டும். எந்த உயரம் வரை எவ்வகை இருக்கை என்பதை 194-பி பிரிவே சொல்லுதல் வேண்டும்.

இருக்கையின் விலை சிலருக்குச் சுமையே. ஆனால் பல லட்சம் கொடுத்துக் கார் வாங்கும் குடும்பம் சில ஆயிரம் ரூபாய்க்குத் தயங்குவது பணக்குறையால் அன்று, அறியாமையாலேயே. உறவினரிடையே ஓர் இருக்கை கைமாறுவதில் தவறில்லை. ஆனால் அது விபத்துக்கு உள்ளாகாததாகவும், முத்திரையும் செய்முறைக் குறிப்பும் உள்ளதாகவும், உபயோகக் காலம் கடவாததாகவும் இருத்தல் வேண்டும்.

கார் இல்லாத பல குடும்பங்களுக்கு ஆட்டோவே கதி. இருக்கை வார் இல்லாத வண்டியில் இச்சாதனத்தைப் பொருத்த இயலாது. அங்கே குழந்தையை ஓட்டுநரின் பக்கத்தில் நிறுத்தாமல், பின்னிருக்கையில் பெரியவர்களுக்கு நடுவில் அமர்த்துவதே இயன்ற வழி. வாடகைக் கார்களின் நிலை வேறு. அவற்றில் வார் உண்டு. கேட்டால் குழந்தை இருக்கையும் கிடைக்கும் ஏற்பாட்டை அவற்றை நடத்துவோர் செய்தல் வேண்டும்.

குழந்தை மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் முதல் பிரயாணமே முதல் பாடம் ஆக வேண்டும். செவிலியரும் அங்கன்வாடி ஊழியரும் பிரசவத்துக்கு முன்பே இதைத் தாய்மார்க்கு எடுத்துரைக்கலாம். பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியர் ஓர் இருக்கையைக் காட்டி, அதைப் பொருத்தும் முறையைச் செய்தே விளக்கலாம். தடுப்பூசியைப் பற்றி ஒரு தலைமுறைக்குள் மக்கள் கருத்து மாறியது, வீடு வீடாகச் சென்று சொன்னவர்களால்தான். இதிலும் அவ்வாறே ஆகும் என்பதில் ஐயமில்லை.