வரி கட்டுவது யார்? கணக்குப் போட்டுப் பார்ப்போம்

பிள்ளைகளே, நம் பத்தாம் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் இரண்டு நாளாக ஒரு ஃபார்வர்ட் சுற்றுகிறது. "நாம வரி கட்டுறோம், அவங்க இலவசத்துல சாப்பிடுறாங்க" என்று. அதற்குக் கைதட்டல் போட்டவர்களில் பாதிப் பேர் சத்துணவுத் தட்டோடு வரிசையில் நின்றவர்கள். பெயர் சொல்ல மாட்டேன்.

வருமான வரி மட்டும்தான் வரியா? முதியோர் உதவித்தொகை வாங்கும் ஒரு பாட்டி 200 ரூபாய்க்கு செல்போன் ரீசார்ஜ் செய்தால் அதில் சுமார் 30 ரூபாய் ஜிஎஸ்டி. கோடீஸ்வரர் செய்தாலும் அதே 30தான்.

அந்த உதவித்தொகையில் மத்திய அரசின் பங்கு எவ்வளவு தெரியுமா? 79 வயது வரை மாதம் 200 ரூபாய். 2007இல் திட்டத்துக்கு இந்திரா காந்தி பெயரை வைத்தபோதும் 200, இன்றும் 200. (இரண்டு கட்சி ஆட்சியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். உடனே கொடி பிடித்துக்கொண்டு வராதீர்கள்.) மாநில அரசு மீதியைப் போடுவதால்தான் நம் ஊரில் அது 2023இல் 1,200 ஆனது.

இப்போது மறுபக்கம். 2015இல் சொத்து வரியையே எடுத்துவிட்டார்கள். வசூல் குறைவு, செலவு அதிகம் என்றார்கள். பதிலுக்குப் போட்ட சர்சார்ஜ் வருமானத்தின் மீது. சும்மா கிடந்து வளரும் சொத்தை அது தொடாது. 2019 செப்டம்பரில் கம்பெனி வரியை 30 சதவீதத்திலிருந்து 22க்குக் குறைத்தார்கள். ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் போகும் என்று அரசே சொன்னது. மத்திய அரசின் முதியோர் திட்டத்தில் சுமார் 2.2 கோடிப் பேர். வகுத்துப் பாருங்கள். தலைக்கு மாதம் 5,000 ரூபாய்க்கு மேல் வரும்.

"கம்பெனி வளர்ந்தா வேலை வரும் மாமா" என்கிறார் நம் வீட்டு மாப்பிள்ளை ஒருவர். வரட்டும், சந்தோஷம். ஆனால் 2023-24இல் தனிநபர் வருமான வரி 10 லட்சம் கோடியைத் தாண்டியது. கம்பெனி வரி 9 லட்சம் கோடி சொச்சம்தான். மாப்பிள்ளை, உங்கள் சம்பளத்தில் பிடித்த பணத்தை ரேஷன் கடை வரிசையில் தேடாதீர்கள்.

என் பென்ஷனும் அரசுப் பணம்தான். அதை எவனும் இலவசம் என்று சொன்னதில்லை. முப்பது வருஷம் உழைத்தீர்களே சார் என்பீர்கள். அந்தப் பாட்டி ஐம்பது வருஷம் நாற்று நட்டவள்.

பதில் எழுதுகிறவர்கள் கணக்கோடு எழுதுங்கள். ஃபார்வர்டை நான் திருத்துவதில்லை.