கூலி வாங்காமல் உழைக்கவும் சொத்து வேண்டுமாம்!

கூலி வேண்டாம், சும்மா வேலை செய்கிறேன் என்று போய் நின்றால் எங்கள் வ. புதுப்பட்டியில் என்ன சொல்வார்கள்? "மொதல்ல காபியக் குடி தம்பி" என்பார்கள். ஐரோப்பிய நாடு ஒன்றுக்கு (பெயர் எதற்கு?) விசா கேட்டுப் போனால், "உங்க அப்பாவோட வருமான வரிக் கணக்கு எங்கே?" என்கிறார்கள்.

விஷயம் இதுதான். கோடை விடுமுறையில் இரண்டு மாதம் காட்டில் மரக்கன்று நடும் தன்னார்வ முகாம். சாப்பாடு, படுக்கை அவர்கள் பொறுப்பு. சம்பளம் கிடையாது. அழைப்புக் கடிதமும் வந்துவிட்டது. கிருஷ்ணன்கோவில் போய் மதுரை பஸ் பிடித்து, அங்கிருந்து ராத்திரி ரயிலில் சென்னை போய்ச் சேர்ந்தேன்.

அப்பாவுக்கு நெல்லும் கொஞ்சம் தென்னையும். விவசாய வருமானத்துக்கு நம் நாட்டில் வருமான வரியே கிடையாது. இல்லாத வரிக்குக் கணக்கை எங்கே போய் வாங்குவது? சிட்டா, அடங்கலை மொழிபெயர்த்து, நோட்டரி கையெழுத்து வாங்கி, தாசில்தார் கொடுத்த வருமானச் சான்றிதழையும் சேர்த்து வைத்தேன். நெல் விற்ற பணம் வங்கிக்குள் வந்த வேகத்தில் உரக்கடைக்குப் போய்விடும். அந்த பாஸ்புக்கைப் பார்த்தால் எனக்கே என் மேல் நம்பிக்கை வராது :-)

மூன்று வாரத்தில் மறுப்பு. ஷெங்கன் நாடுகளுக்குப் பொதுவாக 2009ல் வந்த விசா சட்டத்தோடு அச்சடித்த மறுப்புப் படிவமும் உண்டு. கட்டங்களில் டிக் அடித்தால் வேலை முடிந்தது. நான் திரும்பி வருவேன் என்பதில் சந்தேகமாம்! கட்டணத்தை 2024 ஜூனில் 80 யூரோவிலிருந்து 90 ஆக்கினார்கள். விசா மறுத்தாலும் அது திரும்பாது.

போனவர்களில் சிலர் திரும்பவில்லையே என்பீர்கள். உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அழைத்த அமைப்பிடமே உத்தரவாதம் வாங்கலாமே? செலவை அழைப்பவரே ஏற்கிறார் என்று படிவம் வாங்க அந்தச் சட்டமே இடம் தருகிறது. இருக்கிற வழியை விட்டுவிட்டு, வத்திராயிருப்பு பக்கத்து வயலுக்குள் ஏன் பணத்தைத் தேட வேண்டும்?

1920ல் பியேர் செரசோல் என்ற சுவிஸ்காரர் போரில் அழிந்த வெர்டன் பக்கம் ஒரு கிராமத்தைக் கட்ட முதல் தன்னார்வ முகாம் நடத்தினார். 1934ல் பீகார் பூகம்பத்துக்குப் பிறகு அதே மனிதர் இங்கேயும் வந்து வீடு கட்டினார். 2008லிருந்து ஜெர்மன் அரசு 'வெல்ட்வேர்ட்ஸ்' திட்டத்தில் இளைஞர்களை நம் ஊர்கள் உட்படப் பல நாடுகளுக்கு அனுப்புகிறது. நம் நாட்டு சுற்றுலா விசாவிலேயே ஒரு மாதம் வரை சம்பளமில்லாத தன்னார்வ வேலைக்கு இடமுண்டு. (அதற்கு மேல் என்றால் நம் ஆட்களும் படுத்துவார்கள், அது தனிக் கதை.) ஆக, அவர்கள் இங்கே வந்தால் சேவை. நாம் அங்கே கிளம்பினால் சந்தேகம்.

பொய் சொன்னவன் தப்பித்துவிடுகிறான் என்பதுதான் எனக்கு ஆத்திரம். 'சுற்றிப் பார்க்கப் போகிறேன்' என்று எழுதி, ஹோட்டல் முன்பதிவைக் காட்டி, போனதும் அதை ரத்து செய்தவர்களை எனக்கே தெரியும். உண்மையை எழுதியவன்தான் ஊர் திரும்பி தேங்காய் பொறுக்கிக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் தெரிந்தவர் ஒருவர் யோசனை சொன்னார். அம்மாவின் நகையை அடகு வைத்து, அந்தப் பணத்தை ஆறு மாதம் அப்பா கணக்கில் அப்படியே நிறுத்தி வை, அடுத்த வருடம் கிடைத்துவிடும் என்று. வட்டி எவ்வளவு ஆகும் என்றும் அவரே கணக்குப் போட்டுக் கொடுத்தார்.