கூத்துப் பார்க்கும் பிள்ளைகள் பேசட்டும்

பள்ளிக்கூடங்கள் மாணவர்களை வெளியூர் அழைத்துச் செல்லும்போது கோயிலையும் அணைக்கட்டையும் அருங்காட்சியகத்தையும் காட்டுவதோடு நின்றுவிடாமல், ஒரு கூத்தையோ நாடகத்தையோ நேரில் காணச் செய்யும் வழக்கம் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தலைகாட்டியிருப்பது நெஞ்சார வரவேற்கத்தக்கது. ஆனால் பிள்ளைகளை ஆயத்தப்படுத்துவதென்ற பெயரில் பெரும்பாலும் நடப்பதெல்லாம், சத்தம் போடாதே, பக்கத்திலிருப்பவனோடு பேசாதே என்ற எச்சரிக்கையும், மறுநாள் காலையில் ‘நான் கண்ட நாடகம்’ என்ற தலைப்பில் ஒரு பக்கக் கட்டுரையுந்தான். இவ்விரண்டும் நல்லெண்ணத்தோடு செய்யப்படுபவையே. எனினும் மேடைக்கு எதிரே அமர்ந்த குழந்தை அடைந்த அனுபவத்தின் உயிரை இவ்விரண்டும் சேர்ந்து வாங்கிவிடுகின்றன என்பது என் திடமான அபிப்பிராயம்.

காஞ்சிபுரம் பக்கத்தில் ஒரு பிற்பகல், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்காகத் துகிலுரிதல் கூத்து ஆடப்பட்டபோது நானும் பின்வரிசையில் இருந்தேன். விடிய விடிய ஆட வேண்டியதை இரண்டு மணி நேரத்துக்குள் சுருக்கியிருந்தார்கள். இருவர் பிடித்த திரைக்குப் பின்னால் துரியோதனன் பாடிக்கொண்டு நிற்கிறான். திரைக்கு மேலே கிரீடத்தின் உச்சியும், கீழே சலங்கை கட்டிய பாதங்களும் மாத்திரமே தெரிகின்றன. முன்வரிசைப் பிள்ளைகள் அத்தனை பேரும் தரையோடு தரையாகக் குனிந்து அந்தப் பாதங்களைப் பார்க்கத் தொடங்கினார்கள். நிமிர்ந்து உட்காரச் சொல்லி அதட்டல் வந்தது. சற்றைக்கெல்லாம் கட்டியக்காரன் அவர்களிடம் திரும்பி, “மகாராஜா வர்றாரு, எழுந்து நிக்க மாட்டீங்களா?” என்று கேட்க, ஒரு பையன், “எங்க ஊர்ல ராஜாவே இல்லியே!” என்று குரல் கொடுத்தான். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு கட்டியக்காரன் நெடுநேரம் சபையைச் சிரிக்க வைத்தார். ஆனால் ஆசிரியரின் பார்வை அந்தப் பையன்மீது விழுந்துவிட்டது. பிறகு கட்டியக்காரன் அவனைத் தேடி வந்து இன்னொரு கேள்வி கேட்டபோது அவன் வாய் திறக்கவே இல்லை.

அதன்பின் நடந்ததுதான் என் மனத்தைவிட்டு அகலாதது. துச்சாதனன் பாஞ்சாலியின் சேலையில் கை வைக்கும் தருணம் வந்ததும் முகவீணையும் மத்தளமும் நின்றன. கற்பூரம் ஏற்றினார்கள். அதுவரை உறுமிக்கொண்டிருந்த துச்சாதன வேஷக்காரர் கைகூப்பி, தம் சொந்தக் குரலில், தாம் வேஷம் கட்டிய கூலிக்காரன் என்றும், தாயே பொறுத்தருள வேண்டும் என்றும் திரௌபதி அம்மனை வேண்டினார். அவர் கண்களில் நீர் வழிந்தது. கூத்து மரபில் இது வழிவழியாக வருவதே. அதுகாறும் அவனை ஏசிக்கொண்டிருந்த பெண்குழந்தைகள் ஒருசேர அடங்கிப்போக, அவர்களுள் ஒருத்தி, “சார், அவரு நடிக்கிறாரா, நெஜமாவே அழுவுறாரா?” என்று பக்கத்திலிருந்த ஆசிரியரை உரக்கக் கேட்டாள். “பேசாம பாரும்மா” என்பதுதான் அவளுக்குக் கிடைத்த பதில்.

நடிகனுக்கும் அவன் ஏற்ற பாத்திரத்துக்கும் உள்ள சம்பந்தம் யாது, மேடையில் சிந்தும் கண்ணீர் யாருடையது என்று நாட்டிய சாஸ்திரத்தின் உரையாசிரியர்கள் முதல் இன்றைய அரங்கியல் அறிஞர்கள் வரை ஆராய்ந்து தீராத பிரசினையை, ஒரு பதின்மூன்று வயதுப் பெண் தன் கண்ணெதிரே பிரத்தியட்சமாகக் கண்டு, தன் சொந்தப் பிரயாசையால் கேள்வியாக்கியிருந்தாள். பிள்ளைகள் எழுதிய கட்டுரைகளைப் பிறகு பார்க்க நேர்ந்தது. சூதாடக் கூடாது, பெண்களை மதிக்க வேண்டும் என்று ஏறத்தாழ எல்லாத் தாள்களும் முடிந்திருந்தன. அவை நல்ல நீதிகள்தாம். ஆயினும் கூத்தைப் பாராமல் பாடப்புத்தகத்தைப் பார்த்தும் எழுதியிருக்கக் கூடியவை. திரைக்குக் கீழே தெரிந்த பாதங்களைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. அழுத நடிகரைப் பற்றியும் எழுதவில்லை. எழுதத் தக்கது எது என்பதை அவர்கள் முன்பே கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

மௌனமே ரசிகனின் இலக்கணம் என்ற எண்ணம் மின்விளக்கை அணைத்துவிட்டு நாடகம் பார்க்கும் அரங்குகளோடு வந்தது. தெருக்கூத்து அந்த விதிக்கு உட்பட்டதன்று. அங்கே சபையோடு சம்பாஷிப்பதற்கென்றே கட்டியக்காரன் என்ற பாத்திரம் இருக்கிறது. பதில் வராத ஊரில் அவன் வேலை பாதியாகிவிடும். அறுபது பிள்ளைகளை ஓரிடத்தில் உட்கார வைத்துப் பத்திரமாக வீடு சேர்க்க வேண்டிய ஆசிரியரின் கவலையை நான் அறியாதவனல்லன். நடிகரின் கவனத்தைக் கலைக்கும் வீண் அரட்டையும் உண்டு. ஆனால் அரட்டை எது, மறுமொழி எது என்ற பேதத்தை மேடையில் நிற்பவர் நன்றாக அறிவார். அவரையே முன்கூட்டிக் கேட்டுக்கொள்வது ஆசிரியருக்கு எளிது.

நேரில் காணும் நாடகம் பிள்ளைகளுக்கு என்ன செய்கிறது என்பதை அமெரிக்காவின் ஆர்கன்சா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜே கிரீனும் அவருடைய துணை ஆய்வாளர்களும் முறையாகச் சோதித்து 2014இல் வெளியிட்டார்கள். ‘ஹாம்லெட்’, ‘எ கிறிஸ்துமஸ் கரோல்’ ஆகிய நாடகங்களைக் காண விண்ணப்பித்த பள்ளிக் குழுக்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, பார்த்தவர்களையும் பாராதவர்களையும் பின்னர் ஒப்பிட்டபோது, பார்த்தவர்கள் கதையையும் சொற்களையும் தெளிவாக அறிந்திருந்ததோடு, மாற்றுக் கருத்துகளைச் சகித்துக்கொள்வதிலும் மேம்பட்டிருந்தார்கள். கண்களை மட்டும் காட்டும் படங்களைப் பார்த்து அந்த மனிதர் என்ன உணர்கிறார் என்று சொல்லும் சோதனையிலும் அவர்கள் முந்தினார்கள். 2018இல் வெளிவந்த தொடர் ஆய்வில், அதே கதையைத் திரைப்படமாகப் பார்த்த மாணவர்களிடம் இந்தப் பலன்கள் காணப்படவில்லை. அழுகிறவர் யார் என்று காஞ்சிபுரத்துப் பெண் கேட்டதும் பிறர் உள்ளத்தை அறியும் பிரயத்தனமே.

தமிழக அரசு 2022ஆம் ஆண்டு முதல் அரசுப் பள்ளிகளில் சிறார் திரைப்படங்களைத் திரையிட்டு, பிள்ளைகளைக் கலந்துரையாடவும் விமரிசனம் எழுதவும் செய்து வருகிறது. கலைத் திருவிழாவும் அதே ஆண்டில் தொடங்கியது. இரண்டும் பாராட்டுக்குரியவை. திரைப்படத்துக்குக் கிடைத்த அந்த இடத்தில் ஒரு பங்கு உயிருள்ள மேடைக்கும் கிடைக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். மதுரையில் 1918இல் சங்கரதாஸ் சுவாமிகள் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தோற்றுவித்தபோது பள்ளிப் பருவத்துச் சிறுவர்களே நடிகர்களாக இருந்தார்கள். அந்தப் பாய்ஸ் கம்பெனிகளின் கடுமையான வாழ்க்கை திரும்பி வர வேண்டும் என்று எவரும் விரும்பமாட்டார். ஆனால் சிறுவர்களை மேடையில் ஏற்றிய ஒரு சமூகத்தில், இன்று மேடைக்கு எதிரே கூட உட்காராமலே பள்ளிப்படிப்பை முடித்துவிடும் பிள்ளைகள் எத்தனையோ பேர். இலங்கையிலோ ‘நாடகமும் அரங்கியலும்’ தமிழ் மாணவர்கள் பொதுப் பரீட்சைக்குப் படிக்கும் பாடமாகவே இருக்கிறது.

செய்ய வேண்டியது பெரிதொன்றுமில்லை. கதையைப் போகுமுன் சொல்லிவிட வேண்டும். கதை தெரிந்தவர்களுக்காகவே கூத்து ஆடப்படுகிறது, அடுத்து என்ன நிகழும் என்ற பரபரப்பு அதன் சாரமன்று. ஆட்டம் முடிந்ததும் பேருந்துக்கு விரட்டாமல், வேஷம் கலைப்பதற்குள் அரை மணி நேரம் பிள்ளைகளை நடிகர்களோடு விட வேண்டும். கிரீடம் எவ்வளவு கனம், புஜக்கட்டையை எந்த மரத்தில் செய்கிறார்கள், அரிதாரம் கண்ணில் பட்டால் எரியுமா என்று அவர்கள் கேட்பார்கள். அழுத துச்சாதனரையும் யாரேனும் ஒருத்தி கேட்பாள். ஆசிரியர் கட்டுரை வேண்டுமென்று கருதினால் அது ஒரு வாரம் கழித்து வரட்டும். நீதியைக் கேளாமல், எந்தக் கணம் இன்னும் கண்ணில் நிற்கிறது என்று மட்டும் கேட்கட்டும். எழுத வராத பிள்ளை ஆடிக் காட்டட்டும்.

இதற்கான செலவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வட மாவட்டங்களின் கூத்துக் குழுக்களுக்குப் பெரும்பாலும் திரௌபதி அம்மன் திருவிழாக் காலமே பிழைப்பு. பங்குனியில் தொடங்கி ஆடியோடு அது ஓய்ந்துவிட, மழை மாதங்களில் பல கலைஞர்கள் விவசாயக் கூலிக்கும் கட்டட வேலைக்கும் போகிறார்கள். பள்ளிகளோ அந்த மாதங்களில் முழுவீச்சில் நடக்கின்றன. மழைக்கு ஒதுங்க ஒரு கூடம் எந்தப் பெரிய பள்ளியிலும் உண்டு. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் ஒவ்வோர் ஒன்றியத்திலும் சில பிற்பகல்களுக்குக் குழுக்களை அமர்த்தி, பேசிய ஊதியத்தை ஆட்டம் முடிந்த அன்றே கையில் கொடுக்கும் ஏற்பாட்டைப் பள்ளிக் கல்வித் துறையும் கலை பண்பாட்டுத் துறையும் கூடி, வருகிற கல்வியாண்டிலேயே தொடங்க வேண்டும்.