காப்புறுதிக் கம்பனிகளுக்குக் கவசமான சட்டம்

ஐக்கிய அமெரிக்காவின் சுகாதாரச் சீர்திருத்த விவாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. 2025 ஒக்டோபர் முதலாந் திகதி தொடங்கி 43 நாட்கள் அந்நாட்டின் மத்திய அரசாங்கம் முடங்கிக் கிடந்தது. காப்புறுதிக் கட்டணத்துக்கு அரசு வழங்கிவந்த மேலதிக உதவிப் பணத்தை நீடிப்பதா, நிறுத்துவதா என்னும் பிணக்கே அதற்குத் தலையாய காரணமாயிருந்தது. காப்புறுதி யாருக்குக் கிடைப்பது, கட்டணத்தை யார் இறுப்பது என்று இரு கட்சியினரும் முட்டி மோதுகின்றனர். கட்டணத்தை ஒழுங்காகக் கட்டியவன் நோயுற்ற நாளில் கம்பனி கையை விரித்துவிட்டால் அவன் எங்கே போவான்? இதைக் கேட்பாரைக் காணோம். சட்டத்தைத் தொழிலாகக் கொண்ட எமக்கு இதுவே முதற் கேள்வியாகப் படுகின்றது.

எமது கமக்காரருக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. பயிர்க் காப்புறுதிக்குப் பணங் கட்டிவிட்டு, வெள்ளம் வடிந்த வயலின் வரம்பிலே மதிப்பீட்டு உத்தியோகத்தர் எப்போது வருவார் என்று வழி பார்த்து நின்றவர் அவர். பணம் வாங்கும் நாளில் காட்டும் முகம் வேறு, பணம் கேட்கும் நாளில் காட்டும் முகம் வேறு என்பதை அவர் நன்கறிவார். அழிந்த நெல்லை அடுத்த போகத்திலாவது மீண்டும் விதைக்கலாம். அறுவைச் சிகிச்சைக்கு உரிய காலம் கடந்துபோன நோயாளிக்கு அடுத்த போகம் உண்டா?

அமெரிக்காவிலே இந்த அநீதி வளர்ந்த கதை விசித்திரமானது. தொழிலாளரைக் காக்கப் பிறந்த ஒரு சட்டமே அதற்கு விளைநிலமாயிற்று. 1963 டிசெம்பரில் ஸ்டுடிபேக்கர் என்னும் மோட்டார்க் கம்பனி, இந்தியானா மாநிலத்தின் சவுத் பென்ட் நகரில் இருந்த தன் தொழிற்சாலையை மூடியது. பல்லாண்டு உழைத்த ஆயிரக்கணக்கான தொழிலாளர் தமக்குரிய ஓய்வூதியத்தின் பெரும் பகுதியை இழந்தனர். நாற்பது வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை. நாடு கொதித்தது. அக்கொதிப்பின் பயனாக 1974 செப்டெம்பர் 2 ஆந் திகதி சனாதிபதி போர்ட் ஒப்பமிட்ட சட்டமே, ஊழியர் ஓய்வுகால வருமானப் பாதுகாப்புச் சட்டம். எரிசா என்பது அதன் சுருக்கப் பெயர்.

ஓய்வூதியத்துக்கென எழுந்த இச்சட்டம், தொழில் தருநர் தம் ஊழியருக்கு ஏற்படுத்திக் கொடுக்கும் மருத்துவக் காப்புறுதியையும் தன் எல்லைக்குள் எடுத்துக்கொண்டது. அவ்வாறு காப்புறுதி பெறும் அமெரிக்கர் இன்று 15 கோடிக்கு மேற்பட்டவர். சட்டத்தின் இரு பிரிவுகளை வாசகர்கள் கருத்திற் கொள்ளல் வேண்டும். ஒன்று, இவ்விடயத்தில் மாநிலச் சட்டங்களைச் செல்லாதனவாக்குகின்றது. மற்றையது, உரிமை மறுக்கப்பட்டவர் வழக்கிட்டு வென்றாலும் மறுக்கப்பட்ட கொடுப்பனவை மாத்திரமே பெறலாம் என்று கட்டுப்படுத்துகின்றது.

இதன் கொடுமையை உணர ஒரு நோயாளியைக் கற்பனை செய்துகொள்வோம். வைத்தியர் 5,000 டொலர் செலவாகும் சிகிச்சையைப் பரிந்துரைக்கின்றார். அது தேவையற்றது என்று கம்பனி மறுக்கின்றது. நோய் முற்றி அவர் கால் ஒன்றை இழக்கின்றார். வழக்கிட்டு வென்றால் அவருக்குக் கிடைப்பது என்ன? அந்த 5,000 டொலர் பெறுமதியான சிகிச்சை; கூடினால் வழக்குச் செலவு. போன காலுக்கு விலையில்லை, வேதனைக்கு விலையில்லை, வேலையிழந்த குடும்பத்துக்கு நட்டஈடில்லை. அவர் இறந்தே போனால் செய்யாத சிகிச்சைக்குச் செலவு ஏது? கம்பனிக்கு அதுவும் மிச்சம்! கொடுக்கவேண்டியதைக் கொடாதவன், அகப்பட்டால் முன்னரே கொடுத்திருக்கவேண்டியதை மட்டும் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று சட்டமே சொல்லுமானால், கொடாதிருப்பதே இலாபமென்று அவன் கணக்குப் போடமாட்டானா?

நீதிமன்றங்கள் இக்கவசத்தைத் துளைக்கவில்லை. 1987 இல், நல்லெண்ணமின்றிக் கொடுப்பனவை மறுத்த கம்பனி மீது மாநிலச் சட்டத்தின் கீழ் நட்டஈடு கோர முடியாதென்று பைலற் லைப் கம்பனியின் வழக்கில் உயர் நீதிமன்றம் தீர்த்தது. 1989 இல், காப்புறுதித் திட்டத்தின் பத்திரம் தற்றுணிபு அதிகாரத்தை வழங்கியிருந்தால் திட்டத்தை நடத்துவோரின் முடிவுக்கு நீதிபதிகள் மதிப்பளிக்கவேண்டும் என்றது. அப்பத்திரத்தை வரைவது யார்? நோயாளியா?

ரெக்சாஸ் மாநிலம் 1997 இல் துணிந்து ஒரு சட்டம் இயற்றியது. சிகிச்சையைப் பற்றி முடிவெடுக்கும் கம்பனி, வைத்தியரைப் போன்றே சாதாரண கவனத்தைக் கைக்கொள்ளவேண்டும். தவறினால் நட்டஈடு இறுக்கவேண்டும் என்றது அச்சட்டம். அதன் கீழ் இருவர் வழக்கிட்டனர். ஒருவருக்கு வைத்தியர் எழுதிய மருந்துக்குக் கம்பனி பணந் தர மறுத்தது. மாற்று மருந்தை உட்கொண்டு அவர் வைத்தியசாலையிற் கிடக்கவேண்டியதாயிற்று. மற்றவர் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட பெண்மணி. ஒரு நாளுக்கு மேல் தங்கப் பணம் இல்லை என்று தீர்மானித்தவர் கம்பனியின் தாதி. வீடு சென்ற அவர் நிலை மோசமாகி அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் திரும்பினார். 2004 யூன் 21 இல் உயர் நீதிமன்றம் ஏகமனதாக இருவரையும் வெறுங்கையோடு அனுப்பியது. எரிசா குறுக்கே நிற்கின்றதாம். நீதியரசர் கின்ஸ்பேர்க் அத்தீர்ப்புடன் இணங்கியபோதிலும், இவ்வேற்பாடு நீதியற்றதென்றும் கொங்கிரசு இதனை மீளப் பரிசீலிக்கவேண்டுமென்றும் தனியாக எழுதினார்.

கொங்கிரசு அதற்கு முன்னரே இதனைப் பார்த்திருந்தது. பார்த்துவிட்டுக் கண்ணை மூடியிருந்தது. 2001 இல் நோயாளர் உரிமை மசோதா ஒன்று செனற் சபையில் நிறைவேறிற்று. பிரதிநிதிகள் சபையில் வேறு வடிவில் ஒன்று நிறைவேறிற்று. இரண்டும் ஒன்றாகவேயில்லை.

சனாதிபதி ஒபாமா 2010 மார்ச் 23 இல் ஒப்பமிட்ட சட்டத்தை நாம் குறைத்து மதிப்பிடுபவரல்லர். ஏற்கெனவே நோயுள்ளவரைத் தள்ளிவைக்கும் வழக்கத்தை அது ஒழித்தது. வசூலிக்கும் கட்டணத்தில் நூற்றுக்கு 80 அல்லது 85 வீதத்தை மருத்துவத்துக்கே செலவிடும்படி கம்பனிகளைக் கட்டாயப்படுத்தியது. கம்பனிகளின் போக்கை அறிந்தவர்க்கு அதன் அவசியம் புரியும். 2009 யூனில் பிரதிநிதிகள் சபையின் விசாரணைக்கு மூன்று பெருங் கம்பனிகளின் தலைவர்கள் வந்தனர். ஐந்தாண்டுகளில் அம்மூன்றும் ஏறத்தாழ 20,000 பேரின் காப்புறுதியை, விண்ணப்பத்திற் பிழை கண்டதாகக் கூறி நீக்கியிருந்தன. 30 கோடி டொலர் மிச்சம். வேண்டுமென்றே செய்த மோசடிக்கு மட்டும் இனி நீக்குவோம் என்று உறுதி தருவீர்களா என வினவியபோது மூவரும் இல்லையென்றே விடையிறுத்தனர். அவர்தம் நேர்மையை இந்த ஓரிடத்தில் மட்டும் பாராட்டலாம்!

ஆனால் 2010 ஆம் ஆண்டுச் சட்டம் எரிசாவின் பரிகாரப் பிரிவைத் தொடவில்லை. சுயாதீன மேன்முறையீட்டுக்கு வழி செய்தது மெய். நோயுற்றவன் படிவத்தோடும் தொலைபேசியோடும் எத்தனை நாள் மல்லாடுவான்? 2023 இல் மத்திய அரசின் காப்புறுதிச் சந்தையில் விற்பனையான திட்டங்களில் ஏறத்தாழ ஐந்திலொரு கோரிக்கை மறுக்கப்பட்டது. மறுக்கப்பட்டவற்றுள் நூற்றில் ஒன்றுக்குக்கூட மேன்முறையீடு எழவில்லை.

வழக்கிட இடங்கொடுத்தால் கட்டணம் ஏறும், தொழிலே படுத்துவிடும் என்று கம்பனிகளுக்காகப் பேசுவோர் வாதிடுவர். அரசாங்க ஊழியரின் திட்டங்களும் தேவாலய ஊழியரின் திட்டங்களும் தனியாகக் காப்புறுதி வாங்குவோரும் எரிசாவுக்கு வெளியே உள்ளனர். அவர்கள் மாநிலச் சட்டத்தின் துணையை நாடலாம். அவர்களுக்குக் காப்புறுதி விற்பதைக் கம்பனிகள் கைவிட்டனவா?

எம்மவரிலும் உத்தியோகத்தர் பலர் தொழில் தருநர் கொடுத்த காப்புறுதி அட்டையைச் சட்டைப் பையில் வைத்திருக்கின்றனர். அரசாங்க வைத்தியசாலையில் 2022 இல் மருந்து தட்டுப்பட்டதை நாம் மறக்கவில்லை; அங்குள்ள நெரிசலையும் நாம் மறைக்கவில்லை. எனினும் அங்கே நோயாளியின் படுக்கைக்கும் வைத்தியருக்கும் இடையில் கம்பனியின் எழுதுவினைஞர் எவரும் நிற்பதில்லை. இலவச வைத்தியத்துக்குப் பதிலாகக் காப்புறுதியைக் கொண்டுவரலாம் என்று மேடையிற் பேசுவோர், முதலில் தம் வரைவின் பரிகாரப் பிரிவை எழுத்திற் காட்டட்டும். கம்பனி மறுத்தால் கிளிநொச்சிக் கமக்காரர் எந்த நீதிமன்றத்துக்குப் போவது? எத்தனை நாளில் கட்டளை கிடைக்கும்? காலம் தாழ்ந்ததால் அவர் இழந்த காலுக்கு யார் பணம் இறுப்பது?