சுழற்சி இயக்கத்தைக் கற்பிக்கும் முறை

இயற்பியல் பாடத்தில் சுழற்சி இயக்கம் மாணவர்க்குக் கடினமாகத் தோன்றுவதற்குக் காரணம் அதன் கணிதமன்று. அதனை நாம் அறிமுகம் செய்யும் முறையே என்பது எமது கருத்து. இடப்பெயர்ச்சிக்குக் கோணம், விசைக்குத் திருப்புவிசை, நிறைக்கு நிலைமத் திருப்புத்திறன் என ஓர் அட்டவணையை முதல் நாளே கரும்பலகையில் எழுதிவிடுகிறோம். மாணவரும் மனப்பாடம் செய்துவிடுகின்றனர். நேர்க்கோட்டு இயக்கத்தோடு ஒப்பிடுதல் நன்றே. ஆயின் அவ்வொப்பீடு கண்ணால் கண்டவற்றிலிருந்து படிப்படியாக எழவேண்டும்.

பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லைப்புறப் பள்ளிகளுக்கு இதற்கான கருவிகளைத் தேடி அலைய வேண்டுவதில்லை. பாலக்காட்டுக் கணவாயிலும் இராமக்கல்மேட்டிலும் காற்று ஓயாது வீசுகிறது. காற்றாலை ஒன்று நிமிடத்திற்கு 20 முறை சுழல்வதாகக் கொள்வோம். அச்சிலிருந்து 5 மீட்டர் தொலைவிலுள்ள புள்ளி நொடிக்கு ஏறத்தாழ 10.5 மீட்டர் வேகத்திலும், 20 மீட்டர் தொலைவிலுள்ள புள்ளி 42 மீட்டர் வேகத்திலும் செல்லும். நேர்ச்சாலையில் செல்லும் வண்டியின் உடற்பகுதி முழுவதற்கும் ஒரே வேகம். சுழலும் இறகிற்கோ புள்ளிதோறும் வேறு வேகம். எனினும் எல்லாப் புள்ளிகளும் ஒரே காலத்தில் ஒரே கோணம் திரும்புகின்றன. கோணத் திசைவேகம் என்னும் கருத்து ஏன் தேவைப்பட்டது என்பது இங்கே தானே விளங்கும்.

அடுத்தது திருப்புவிசை. 1976இல் இயங்கத் தொடங்கிய இடுக்கி நீர்மின் திட்டத்தின் மூலமற்றம் நிலத்தடி மின்நிலையத்தில், 130 மெகாவாட் திறனுடைய 6 மின்னாக்கிகளைப் பெல்ட்டன் சக்கரங்கள் சுழற்றுகின்றன. நீர்த்தாரை நேர்க்கோட்டில் பாய்கிறது, சக்கரம் சுழல்கிறது. தாரை சக்கரத்தின் விளிம்பிலுள்ள கிண்ணங்களைத் தாக்குமாறு அமைத்தது ஏன்? அதே விசை அச்சிலிருந்து விலகிச் செயற்படுந்தோறும் அதன் திருப்பும் ஆற்றல் மிகுகின்றது. கதவின் கைப்பிடி கீலுக்கு எதிர்ப்புறத்தில் இருப்பதும், இறுகிய மரையைக் கழற்ற நீண்ட திருகியை நாடுவதும் இதனாலேயே. இதனைக் களப்பணியாளர் கைப்பழக்கத்தால் நன்கு அறிவர்.

மூன்றாவது படியே மிகவும் இன்றியமையாதது. நிறையும் புற ஆரமும் சமமான ஒரு மர உருளையையும், மெல்லிய சுவருடைய இரும்புக் குழாய்த் துண்டையும் சாய்பலகையில் வழுக்காமல் உருளவிடுக. மர உருளை முந்தும். அது 100 பங்கு காலம் எடுத்துக்கொண்டால், குழாய் ஏறத்தாழ 115 பங்கு எடுத்துக்கொள்ளும். நிறை ஒன்றே, சரிவும் ஒன்றே; பின் வேறுபாடு எங்ஙனம் வந்தது? குழாயின் நிறை முழுவதும் அச்சிலிருந்து விலகி விளிம்பில் அமைந்திருப்பதால் வந்தது. சுழற்சியில் நிறை எவ்வளவு என்பதோடு, அது எங்கே உள்ளது என்பதும் கணக்கில் சேர்கிறது. அதுவே நிலைமத் திருப்புத்திறன்.

ஒப்பீட்டின் எல்லையையும் ஆசிரியர் மறைக்கலாகாது. சுழல்நாற்காலியில் அமர்ந்த மாணவன், இரு கைகளிலும் கற்களை ஏந்தி, கைகளை நீட்டியவாறு மெல்லச் சுழலட்டும். கைகளை மார்போடு மடக்கியவுடன் அவன் விரைந்து சுழல்வான். வெளியிலிருந்து எவரும் அவனைத் திருப்பவில்லை. அவனது நிறை மாறவில்லை. நிலைமத் திருப்புத்திறன் குறைந்தது. கோண உந்தம் மாறாதிருக்க வேகம் கூடிற்று. நேர்வழியில் ஓடுபவன் கைகளை மடக்கித் தன் நிறையைக் குறைத்துக்கொள்ள இயலாது. அட்டவணையை மட்டும் கற்ற மாணவன், நிறையைப் போலவே இதுவும் மாறாதது என்று எண்ணி இவ்விடத்தில் இடறுகிறான்.

இவ்வளவும் கண்டபின் அட்டவணையை மாணவரே எழுதட்டும். அவர்கள் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் ஒரு காட்சி துணைநிற்கும். அத்தகைய கல்வியே தேர்வு முடிந்த பின்னும் நிலைத்து நிற்கும்.