வெள்ளைப்படுதலும் வாஷ் பாட்டிலும் "கல்யாணம் ஆயிடுச்சா"வும்

நம்ம வீடுகள்ல "வெள்ளைப்படுது"ன்னு யாரும் முழுசா வாய் திறந்து சொல்றதில்லை. "உடம்பு சூடு"ம்பாங்க. உடனே வெந்தயம், மோர், இளநீர், வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல். அதுக்கும் சரியாகலைன்னா பாட்டி பங்குக்கு ஒரு குண்டு விழும்: "எலும்பு உருகிப் போகுதுடி, அதான் இப்படி இளைச்சுட்டே." எலும்பெல்லாம் ஒண்ணும் உருகலைங்க. பெரும்பாலும் அது உடம்போட சாதாரணக் கசிவு. மாசத்துல சில நாள் கூடும், சில நாள் குறையும். ஆனா சில சமயம் அது நிஜமாவே ஒரு கோளாறோட அறிகுறி. அந்தக் கோளாறுகள்ல ரொம்பப் பரவலா வர்றது எதுவோ, அதுக்கு நம்ம பேச்சுல ஒரு பேர்கூட கிடையாது. டாக்டர்கள் பாக்டீரியல் வஜைனோசிஸ்ங்கறாங்க, சுருக்கமா பி.வி.

(பசங்க யாராவது இந்த இடத்துல நைசா நழுவப் பார்த்தா, ஒரு நிமிஷம் இருங்க. கடைசியில உங்களுக்கும் வேலை இருக்கு.)

பி.காம் படிக்கிறவளுக்கு இதுல என்ன வேலைன்னு கேட்கலாம். நியாயம்தான். எனக்கு மருத்துவம் தெரியாது, கணக்கு தெரியும். இந்த விஷயத்துல கணக்கு இடிக்குது. கண்டுபிடிக்கச் செலவு கம்மி, மருந்து அதைவிடக் கம்மி. அப்படியும் பெண்கள் மாசக்கணக்கா இதோட அல்லாடி, காசையும் கொட்டறாங்க. அந்தக் காசு எங்கே போகுதுன்னு பார்த்தப்போதான் இதை எழுதணும்னு தோணிச்சு.

முதல்ல உள்ளே என்ன நடக்குதுன்னு பார்ப்போம். பெண்ணுறுப்புக்குள்ள லாக்டோபேசில்லஸ்னு ஒரு வகை பாக்டீரியா குடியிருக்கு. தயிரைப் புளிக்க வைக்கிற கூட்டத்தோட சொந்தக்காரங்க. இவங்க லாக்டிக் அமிலம் சுரந்து அந்த இடத்தைப் புளிப்பாவே வச்சிருப்பாங்க, பி.எச். கணக்குல 4.5க்குக் கீழே. அந்தப் புளிப்புல மத்த கிருமிகள் தலையெடுக்க முடியாது. ஏதோ ஒரு காரணத்தால இந்தக் காவல்காரங்க எண்ணிக்கை குறைஞ்சா, ஏற்கெனவே ஓரமா ஒதுங்கியிருந்த கார்ட்னரெல்லா மாதிரி கிருமிகள் கூட்டமா பெருகிடும். அதுதான் பி.வி. அழுக்கா இருந்ததால வந்ததில்லை. சொல்லப்போனா, உள்ளே சோப்பு போட்டுக் கழுவறது, டெட்டால் கலந்த தண்ணியை உள்ளே பீய்ச்சறது இதெல்லாம்தான் அந்தக் காவல்காரங்களை விரட்டற வேலை.

எப்படித் தெரியும்? மெலிசா, சாம்பல் கலந்த வெள்ளையில ஒரு கசிவு, கூடவே மீன் வாடை. மாதவிலக்கு சமயத்துலயும் உடலுறவுக்கு அப்புறமும் வாடை தூக்கலா இருக்கும், ஏன்னா ரத்தமும் விந்தும் அந்தப் புளிப்பைக் குறைச்சிடும். அரிப்பு பெரிசா இருக்காது. திட்டுத் திட்டா தயிர்க்கட்டி மாதிரி வந்து அரிப்பும் பிச்சு எடுத்தா அது பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று, வேற கேஸ். பி.வி. வந்தவங்கள்ல கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு அறிகுறியே தெரியாது. இதுல இன்னொரு சங்கதியும் இருக்கு. பி.வி. இருக்கறப்போ எச்.ஐ.வி. மாதிரி தொற்றுகள் சுலபமா ஒட்டிக்கும். கர்ப்பமா இருக்கறவங்களுக்குக் குறைமாதப் பிரசவ ஆபத்தோட இதுக்குத் தொடர்பு இருக்கு. அதனால "சும்மா வாடைதானே"ன்னு தள்ளிவிடவும் முடியாது.

இப்ப கணக்குக்கு வருவோம். 1955ல அமெரிக்காவுல ஹூஸ்டன்ல கார்ட்னர், டியூக்ஸ்னு ரெண்டு பேர்தான் இதைத் தனி நோயா அடையாளம் காட்டினாங்க. 1983ல ஆம்செல்ங்கறவரும் அவரோட சேர்ந்தவங்களும் நாலு அடையாளம் சொன்னாங்க, அதுல மூணு இருந்தா பி.வி.ன்னு முடிவு பண்ணலாம். ஒண்ணு, அந்த மெலிசான கசிவு. ரெண்டு, லிட்மஸ் மாதிரி ஒரு காகிதத்துல தொட்டுப் பார்த்தா பி.எச். 4.5க்கு மேல. மூணு, அதுல பத்து சதவீதம் பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடு ஒரு சொட்டு விட்டா குப்புன்னு மீன் வாடை. நாலாவது மைக்ராஸ்கோப்புல பார்க்கறது: செல்லோட ஓரமே தெரியாத அளவுக்கு, ஜிலேபியில ஈ மொய்ச்ச மாதிரி கிருமி அப்பியிருக்கும். அவ்வளவுதான் பரிசோதனை. பிளஸ் டூ கெமிஸ்ட்ரி லேப்ல கிடைக்கிற சாமான்தான் முக்காலும். ஸ்கேன் வேண்டாம், ரத்தம் எடுக்க வேண்டாம். மருந்து மெட்ரோனிடசோல், பொதுவா ஏழு நாள். விலைக் கட்டுப்பாட்டுப் பட்டியல்ல இருக்கற மருந்து, மொத்தக் கோர்ஸும் ஒரு ஓட்டல் டிபன் விலைக்குள்ள முடிஞ்சிடும். வாய் கொஞ்சம் இரும்பு நக்கின மாதிரி கசக்கலாம்.

நடக்கறது என்ன? என் தோழி ஒருத்தி கதையையே சொல்றேன். மருந்துக்கடைக்குப் போனா. கூட்டம் குறையற வரைக்கும் ஓரமா நின்னு, ஹேர் கிளிப் ஒண்ணு வாங்கி, அப்புறம் மெதுவா சொன்னா. கடைக்கார அண்ணா முகத்தைக்கூடப் பார்க்காம பூஞ்சைக்கான க்ரீம் ஒண்ணு குடுத்தார். கேட்கல. அடுத்த மாசம் வேற கடை. அங்கே ஒரே அட்டையில மூணு வகை மாத்திரை. எது கிருமின்னு தெரியாதப்போ எல்லாத்தையும் சேர்த்து அடிக்கற வித்தை. கொஞ்சம் குறைஞ்சு திரும்ப வந்துச்சு. அப்புறம்தான் வாஷ் பாட்டில். நாலு மாசம் கழிச்சு ஒரு லேப்ல ஸ்மியர் பார்த்தாங்க, பி.வி.ன்னு வந்துச்சு, ஏழு நாள் மாத்திரையில நின்னுச்சு. அவ அதுவரைக்கும் செலவழிச்ச காசுல அந்த மாத்திரையை வருஷம் பூரா வாங்கலாம்.

அந்த வாஷ் பாட்டிலைப் பத்திக் கொஞ்சம் சொல்லியே ஆகணும், மார்க்கெட்டிங் பேப்பர் எழுதற எனக்கு அது ஒரு பாடம். முதல்ல ஒரு கவலையைக் கிளப்பணும், அப்புறம் அதுக்கு மருந்தை விக்கணும். விளம்பரத்துல வர்ற பொண்ணு சுத்தமா இருக்கா, நம்பிக்கையா இருக்கா, ஆபீஸ்ல கைதட்டு வாங்கறா. அப்ப வாங்காதவ? பாட்டில்ல பி.எச். எண் வேற பெரிசா அச்சடிச்சிருக்கும், பார்க்க விஞ்ஞானம் மாதிரியே. உள்பக்கம் தன்னைத்தானே சுத்தம் பண்ணிக்கற இடம். வெளிப்பக்கத்துக்குத் தண்ணி போதும். மகப்பேறு டாக்டர்கள் உலகம் முழுக்க, உள்ளே எதையும் பீய்ச்சாதீங்கன்னு தொண்டை கிழியச் சொல்லிட்டிருக்காங்க. வாடையை வாசனையால மூடறது, ரெண்டு நாள் கழிச்சு திரும்பி வர்ற வாடைக்கு இன்னொரு பாட்டில் வாங்கறதுக்கான ஏற்பாடு. ரிபீட் கஸ்டமர்னு வகுப்புல சொல்லித் தர்றது இதைத்தான் :-)

ஏன் டாக்டர்கிட்ட போகலை? இதுக்கு நம்ம தமிழ்நாட்டுலயே ஆய்வு இருக்கு. வேலூர் மாவட்டத்துல 16 முதல் 22 வயசு வரைக்குமான, கல்யாணமான பெண்கள்கிட்ட விசாரிச்சும், பரிசோதிச்சும் பார்த்தாங்க. 2005ல வெளியாச்சு. 53 சதவீதம் பேர் ஏதோ ஒரு தொந்தரவு இருக்குன்னாங்க, லேப்ல 38 சதவீதம் பேருக்குத் தொற்று உறுதியாச்சு. தொந்தரவு இருந்தவங்கள்ல மூணுல ரெண்டு பங்கு பேர் எந்த சிகிச்சையும் எடுத்துக்கலை. காரணம் கேட்டா, பக்கத்துல பெண் டாக்டர் இல்லை, மறைவான இடம் இல்லை, தூரம், செலவு, "இது சகஜம்தானே"ங்கற நினைப்பு. அதுக்கும் முன்னாடி 1989ல மகாராஷ்டிராவுல கட்சிரோலியில அபய் பங், ராணி பங் தம்பதி ரெண்டு கிராமத்துல 650 பெண்களைப் பரிசோதிச்சாங்க. 92 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு மகளிர் நோய், அதுக்கு முன்னாடி பரிசோதனை பண்ணிக்கிட்டவங்க வெறும் 8 சதவீதம்.

கிராமத்துல தூரமும் பெண் டாக்டர் இல்லாததும் காரணம்னா ஒத்துக்கலாம். எங்க கோபாலபுரத்துல? ராயப்பேட்டை தாண்டி திருவல்லிக்கேணி போனா கோஷா ஆஸ்பத்திரி. கஸ்தூர்பா காந்தி பேர்ல இருக்கற ஆஸ்பத்திரிதான், ஊர் வழக்குல இன்னும் கோஷாதான். ஆண் டாக்டர் முன்னாடி வரமாட்டேன்னு கோஷாவுக்குள்ள இருந்த பெண்களுக்காகவே 1885ல மேரி ஷார்லீப்ங்கற டாக்டரம்மா முயற்சியில வந்தது. அவங்க படிச்சதும் நம்ம மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்லதான். அதாவது, கூச்சம்னு ஒண்ணு இருக்கு, அதை மதிச்சு ஒரு கட்டடமே கட்டணும்னு நூத்தி நாப்பது வருஷத்துக்கு முன்னாடி இதே ஊர்ல யோசிச்சிருக்காங்க. இன்னிக்கு மகளிர் டாக்டர்கள்ல பெரும்பாலானவங்க பெண்களே. தூரமும் இல்லை, பெண் டாக்டருக்கும் பஞ்சமில்லை. அப்புறம் என்ன தடுக்குது?

என்னைக் கேட்டா, ஒரு கேள்வி. உள்ளே போய் உட்கார்ந்ததும் வர்ற முதல் கேள்வி: "கல்யாணம் ஆயிடுச்சா?" அவங்களுக்குத் தெரிய வேண்டியது வேற, கேட்கறது வேற. பக்கத்துல அம்மா உட்கார்ந்திருப்பாங்க. "இல்லை"ன்னு சொன்னா பேச்சு அங்கேயே முடிஞ்சிடும், "அப்ப சூடுதான்"னு ஒரு சத்து மாத்திரை எழுதிக் குடுத்து அனுப்பிடற டாக்டர்களும் உண்டு. பரிசோதனைன்னாலே கருவி உள்ளே விடறது, கல்யாணமாகாத பொண்ணுக்கு அது கூடாதுங்கற பயம். ஆனா பி.வி. பார்க்கறதுக்கு அந்தக் கருவியே வேணும்னு இல்லை. பஞ்சு சுத்தின ஒரு குச்சியில மாதிரி எடுத்தா போதும், அதைப் பொண்ணே தானா எடுத்துக் குடுக்கலாம். டாக்டர்கள் ரெண்டே ரெண்டு வேலை பண்ணினா போதும்னு நினைக்கிறேன். "அம்மா, கொஞ்சம் வெளியில இருங்க"ன்னு ஒரு வார்த்தை. அப்புறம் கல்யாணத்தை விட்டுட்டு, கேட்க வேண்டியதை நேரா கேட்கறது. பதில் எதுவா இருந்தாலும் முகம் மாறாம குச்சியை எடுக்கறது.

அரசாங்கம் பண்றதையும் சொல்லணும். எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்துல அறிகுறியை வச்சே மருந்து குடுக்கற முறை இருக்கு, ஒவ்வொரு அறிகுறிக்கும் ஒரு நிறத்துல பொட்டலம். நம்ம விஷயத்துக்குப் பச்சை: செக்னிடசோலும் ஃப்ளுகோனசோலும் சேர்ந்து, பி.வி.க்கும் பூஞ்சைக்கும் ஒரே அடி. லேப் இல்லாத ஊர்ல இது புத்திசாலித்தனம்தான், நான் குறை சொல்லலை. ஆனா லேப் தெருவுக்குத் தெரு இருக்கற சென்னையில ஏன் ஊகம் பண்ணிக்கிட்டு இருக்கணும்? ஊகம் ரெண்டு பக்கமும் தப்பும். கோவாவுல விக்ரம் படேல் குழு 2005ல வெளியிட்ட ஆய்வுல, வெள்ளைப்படுதுன்னு சொன்ன பெண்களோட புகாருக்குத் தொற்றைவிட மனக்கஷ்டத்தோடதான் அதிக சம்பந்தம் இருந்துச்சு. அவங்களுக்கு எந்த நிறப் பொட்டலமும் உதவாது. பார்த்தாதான் தெரியும்.

சரி, பசங்களே, இப்ப உங்க முறை. பி.வி.யோட பெரிய தலைவலி, திரும்பத் திரும்ப வர்றது. மருந்து சாப்பிட்டவங்கள்ல பாதிப் பேருக்கு மேல ஒரு வருஷத்துக்குள்ள மறுபடி வந்துடுது. இத்தனை வருஷம் இது முழுக்கப் பெண்ணோட பிரச்சினைன்னு அவளுக்கு மட்டும் மருந்து குடுத்தாங்க. 2025 மார்ச்சுல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல ஆஸ்திரேலியா ஆய்வு ஒண்ணு வந்துச்சு. 164 ஜோடிகள். ஒரு பாதியில பெண்ணுக்கு மட்டும் மருந்து, இன்னொரு பாதியில கூட இருக்கற ஆணுக்கும் மாத்திரையும் தடவற க்ரீமும் ஒரு வாரம். பன்னிரண்டு வாரத்துல திரும்ப வந்தது முதல் கூட்டத்துல 63 சதவீதம், ரெண்டாவதுல 35. வித்தியாசம் அவ்வளவு தெளிவா இருந்ததால ஆய்வையே முன்கூட்டி நிறுத்திட்டாங்க. அதனால நாளைக்குக் கல்யாணமாகி, வீட்டுக்காரம்மாவுக்கு ரெண்டாவது தடவை இது வந்தா, "நீ போய் டாக்டரைப் பார்த்துட்டு வா"ன்னு சொல்லாம கூடவே போங்க. (அதுக்காக சந்தேகக் கணக்கு ஆரம்பிச்சுடாதீங்க. பி.வி. இருக்குன்னா யாரோ துரோகம் பண்ணிட்டாங்கன்னு அர்த்தம் இல்லை.)

வாடையோ கசிவோ வழக்கத்துக்கு மாறா ஒரு வாரம் நீடிச்சா காட்டிடுங்க. காய்ச்சல், அடிவயித்து வலி சேர்ந்து வந்தாலோ, கர்ப்பமா இருந்தாலோ அன்னிக்கே. தயிர், பூண்டு, எலுமிச்சைன்னு எதையும் உள்ளே வைக்காதீங்க. மாத்திரையைப் பாதியில நிறுத்தாதீங்க. காசு பிரச்சினைன்னா கோஷாவோ எழும்பூர் மகப்பேறு ஆஸ்பத்திரியோ இருக்கு. அரசு ஆஸ்பத்திரிகள்ல சுகவாழ்வு மையம்னு பலகை பார்த்தா அது இந்த மாதிரி விஷயங்களுக்குத்தான். கூச்சமா இருந்தா ஒரு சீட்டுல "வாடையோட வெள்ளைப்படுது, மூணு வாரமா, ஸ்மியர் பார்க்கணும்"னு எழுதி நீட்டிடுங்க. என் தோழி அப்படித்தான் பண்ணினா. லேப் அக்கா படிச்சுட்டு, "பாத்ரூம் அங்கே இருக்கும்மா"ன்னு குச்சியைக் கையில குடுத்தாங்களாம்.